முப்பத்துநான்கு

காவேரிப்பட்டணம் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்து,
தராசு ரிப்பேர் கடைக்கு மேல்மாடி.
வாடகையில் பாதி நான், பாதி திம்மராயன்.
செப்புத் தகட்டில் எழுத்தாணி ஓட்டுவது என் வேலை.
அவன் பேசுவான்.

எட்டுத் திசையையும் ஒரே மூச்சில் மடித்து வைப்பான்.
அணுவும் அண்டமும் ஒரே ஊர்,
நடுவில் டிக்கெட் கிடையாது என்பான்.
வந்தவர்கள் அழுதுவிட்டு லேசாகி இறங்கிப் போவார்கள்.
எனக்கும் சில நாள் தொண்டை அடைக்கும்.

நான் ஊரில் இல்லாத வாரம்
அவனே கீறிக் கொடுத்த தகட்டின் நகலைக் கூட்டிப் பார்த்தேன்.
பதினாறு கட்டம். எந்தப் பக்கம் கூட்டினாலும்
முப்பத்துநான்கு வர வேண்டும்.
மூன்றாம் வரிசையில் முப்பத்துமூன்று.

"பிரபஞ்சத்துக்கு முன்னால ஒண்ணு என்ன பெரிசு?"
"வாங்கிட்டுப் போனவ வீட்ல ஒருத்தன் காணாமப் போயிருக்கான்.
அந்த ஒண்ணுக்குத்தான் அவ வந்ததே."

இதைச் சொல்லிச் சொல்லி
ஒரு வருஷம் நிமிர்ந்து நடந்தேன்.

பிறகு, ஜெகதேவி பக்கத்துக் கல்குவாரியிலிருந்து முனிரத்தினம்.
திரியில் நெருப்பு வைக்கும்போது கை நடுங்குகிறதாம்.
மேஸ்திரி சிரிக்கிறாராம்.
நடுக்கம் நிற்கணும், அவ்வளவுதான் கேட்டான்.
அவ்வளவுதான் நானும் கேட்டுக்கொண்டேன்.
மூன்று அங்குலத் தகடு, புளி போட்டுத் தேய்த்தது.
அமாவாசை இரவு, மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் ஒவ்வொரு கோடும்.
கோடு கோட்டைத் தொடும் இடத்தில் பிசிறில்லை.
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அழகு.
திம்மராயன் கீழே டீக்கடையில்தான் இருந்தான்.
கூப்பிடத் தோன்றவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் வந்தான்,
வலது தோளில் வாழைத்தாருடன்.
"நடுக்கமே இல்லக்கா.
மத்தவனெல்லாம் ஓடினப்ப நான் நடந்தேன்."
இடது கையில் துணி சுற்றியிருந்தது.
துணிக்குள் இரண்டு விரல்தான்.

தார் மூலையில் தொங்கிப் பழுத்தது, கறுத்தது, ஈ மொய்த்தது.
யாரும் பிய்த்துத் தின்னவில்லை.
அந்த நடுக்கம்தான் இத்தனை காலம் அவனை ஓட வைத்தது.
அதை
ஒரு கோடு பிசகாமல் நான் வெட்டி எடுத்திருந்தேன்.

திம்மராயன் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் ஒன்றும் சொல்லாதது அதுதான் முதல் தடவை.
தன் பழைய நகல்களை எடுத்துப் போட்டுக்கொண்டு
விரல் மடக்கிக் கூட்டிக்கொண்டிருந்தான், விடியும்வரை.

மாங்காய் சீசன்.
கூழ் ஆலையில் கொட்டை பிரிக்கும் கெம்பம்மா வந்தாள்,
முழங்கை வரை மஞ்சள், கண்ணுக்குக் கீழே கருப்பு.
தூங்கி இருபது நாளாச்சாம்.

தகட்டை எடுக்கப் போன கையை மடியில் வைத்துக்கொண்டேன்.
"தூங்கிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.
டீ ஆறியது, ஆடை கட்டியது.
கீழே யாரோ இரண்டு கிலோ கல்லை
வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மவன் ஓசூர்ல லோடு ஏத்தினா
தொப்பூர் இறக்கம் தாண்டினதும் போன் பண்ணுவான்.
நான் தூங்கிட்டா யாரு எடுப்பா?"

திம்மராயன் வாயைத் திறந்தான்.
அண்டம் வரப்போகிறது என்று பயந்தேன்.
"எத்தன மணிக்குத் தாண்டுவான்?" என்றான்.
"மூணு. மூணேகால்."

அன்று கட்டங்களை அவனே கூட்டினான்,
நெடுக்கே, குறுக்கே, மூலைவாட்டமாக.
முப்பத்துநான்கு. முப்பத்துநான்கு.
நான் எழுத்தாணியைப் பிடித்தபடி
ஜன்னலில் நெடுஞ்சாலை விளக்குகளைப் பார்த்திருந்தேன்.
அத்தனை லாரியில் ஒன்று.

தூக்கம் வர என்று எழுதவில்லை.
மூன்று மணிக்கு விழிப்பு வர என்று எழுதினேன்.

முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கியவள்
பாதியில் நின்று கேட்டாள்:
"தலகாணிக்கு அடியில வைக்கறதா,
போனுக்கு அடியிலயா?"

என் ஏட்டில் அது இல்லை.
அவன் அண்டத்திலும்.